உள்மூச்சில் சொன்ன ஓம்

முன் அறையில் ஒரு பெண் ஓலமிட்டாள்.

"ஐயோ... என்ரை தெய்வமே... ஐயோ..."

குசினியில் நண்டு உடைத்துக்கொண்டிருந்த தவநாயகியின் கை அப்படியே நின்றது. ரீவியில் யாரோ அழுகிறாள் என்று விட்டுவிடக்கூடிய சத்தமல்ல அது. அந்தக் குரல் அவளுக்குத் தெரிந்த குரல். ஐயோவுக்கும் தெய்வத்துக்கும் நடுவே விக்கி ஏறுகிற அந்த மூச்சும் தெரிந்த மூச்சுத்தான். கணவரின் தங்கை சுவர்ணா, முந்தின வருஷம் மாசி மாதம், தகன மண்டபத்தில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுத அழுகை அது.

அன்றைக்கு இரண்டாவது ஐயோவுக்குப் பிறகு "அண்ணை" என்றொரு சொல் வந்தது. மண்டபத்தில் இருந்தவர்களை எல்லாம் அழ வைத்த சொல். இங்கே அந்த இடம் வந்ததும், கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் சத்தம் நின்று, ஒரு வயலின் தொடங்கியது.

நண்டுத் தண்ணீர் விரல்களிலிருந்து சொட்டச் சொட்ட தவநாயகி முன் அறைக்கு நடந்தாள்.

சோபாவின் நுனியில் ஞானேஸ்வரன் குனிந்து இருந்தான். கணவரின் தம்பி. கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். கிழமை நாளில் கடை, சனி ஞாயிறில் கலை என்று சொல்லிக்கொள்வான். மேடை நாடகங்கள் போட்டுப் போட்டு, இப்போது முதன்முதலாக ஒரு படம் எடுத்து முடித்துவிட்டான். அதைக் காட்டத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தென் லண்டன் மிச்சத்தில் இருக்கிற இந்த வீடு வரை லப்டொப்பைக் காவிக்கொண்டு வந்திருந்தான். "நீங்கள் போட்டுப் பாருங்கோ, நான் நண்டைச் சட்டிக்குள்ளை போட்டிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் தவநாயகி குசினிக்குப் போயிருந்தாள்.

லப்டொப்பிலிருந்து ஒரு வயர் ரீவிக்குப் போயிருந்தது. ரீவி முழுக்கத் தவநாயகியின் முகம். மூக்கோரத்து மச்சம், கண்ணுக்குக் கீழே கறுத்த வளையம், கொஞ்சமாய்த் திறந்த வாய். அந்த வாய்க்குள்ளிருந்துதான் சுவர்ணாவின் ஓலம் வந்திருக்கிறது.

"வாங்கோ அண்ணி, சரியான நேரத்துக்கு வந்திட்டீங்கள். இதுதான் இடம்." ஞானேஸ்வரன் கண்ணைத் துடைத்தான். பொய்க் கண்ணீரல்ல. அவன் உண்மையாகவே அழுதிருந்தான்.

"நிப்பாட்டும்."

"கொஞ்சம் பொறுங்கோ, இனித்தான் உங்கடை கையைக் காட்டுறன்..."

"நிப்பாட்டும் எண்டு சொன்னனான்."

மகள் சயந்தினி சோபாவின் மற்றப் பக்கத்திலிருந்து எட்டி ஒரு பொத்தானை அமத்தினாள். வயலின் அடங்கியது. முகம் மட்டும் ரீவியில் உறைந்து நின்றது.

"அது ஆற்றை குரல்?"

"எது அண்ணி?"

"என்ரை வாய்க்குள்ளை கிடக்கிற குரல்."

ஞானேஸ்வரன் சிரித்தான். பால் போத்தலின் திகதியைக் காட்டிக் கேள்வி கேட்கிற வாடிக்கையாளருக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"டப்பிங் அண்ணி. எல்லாப் படத்திலையும் உள்ளதுதானே. பெரிய பெரிய நடிகையளுக்கே வேறை ஆக்கள்தான் குரல் குடுக்கினம்."

"ஆற்றை குரல் எண்டு கேட்டனான்."

"சுவர்ணாக்காவின்ரை."

"அவ எப்ப வந்து குடுத்தவ?"

ஞானேஸ்வரன் வயரைப் பார்த்தான். பதில் சயந்தினியின் வாயிலிருந்து வந்தது.

"சித்தப்பா, சொல்லாதேங்கோ. அப்பாவின்ரை பியூனரல் வீடியோவோ?"

செத்தவீட்டுக்கு வீடியோ எடுப்பது எங்கள் சனத்துக்குப் புதினமல்ல. டென்மார்க்கிலும் கனடாவிலும் ஊரிலும் இருக்கிற சொந்தம் அந்தந்த நாட்டு நேரத்துக்கு எழும்பி இருந்து பார்க்க வேண்டுமே. தவநாயகியின் கணவர் செல்வரத்தினத்தின் செத்தவீட்டுக்கும் கமெரா பிடிக்க ஆள் ஒழுங்கு பண்ணியவன் இதே ஞானேஸ்வரன்தான். அண்ணனின் பெட்டிக்கு மேலே விழுந்து அக்கா அழுத அழுகையை அவன் ஒரு வருஷம் கழித்து எடுத்து, வெட்டி, அண்ணியின் வாயில் ஒட்டிவிட்டான்.

தவநாயகிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். இறங்க இறங்கத்தான் பயப்பட வேண்டும். அது தெரிந்த மனுஷன் ஒருவர்தான் இருந்தார். அவர் போய்விட்டார்.

அவளுடைய கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கோபம் ஒரு நண்டுச் சட்டி அளவுக்குத்தான் தெரியும்.

செல்வரத்தினம் அகதியாக டென்மார்க் போய், ஹேர்னிங் என்ற ஊரில் துணி ஆலையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, விசா கிடைத்த கையோடு அவளைக் கூப்பிட்டார். காற்று, மழை, தட்டையான வயல், சைக்கிள். வந்த இரண்டாம் வருஷமே அவளும் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள். மொழியை வகுப்பில் படித்ததைவிடக் கிழவர் கிழவிகளின் கட்டிலோரத்தில் படித்ததுதான் கூட.

அந்த ஊராரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஓம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் "யா" என்பார்கள். சில நேரம் அந்த யாவை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள். குரல் வெளியே வராது. காற்று உள்ளே போகிற சத்தம்தான் கேட்கும். முதல் தடவை ஒரு கிழவி அப்படிச் சொன்னபோது, அவளுக்கு இழுக்கிறதாக்கும் என்று பயந்து தவநாயகி மணியை அடித்துத் தாதியைக் கூப்பிட்டுவிட்டாள். "தேநீர் வேணுமோ எண்டு கேட்டாய், ஓம் எண்டு சொன்னேன், அதுக்கேன் இந்த ஆரவாரம்" என்று கிழவி அன்று முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள்.

கொஞ்சக் காலத்தில் அந்த மூச்சு தவநாயகியிடமும் தொற்றிவிட்டது. செல்வரத்தினத்திடமும் தொற்றியது. டெனிஷில் தொடங்கித் தமிழுக்கும் தாவியது. "கதவைப் பூட்டியாச்சோ?" என்று அவர் கேட்பார். அவள் மூச்சை உள்ளே இழுப்பாள். அதுதான் ஓம். "சாப்பிடுவமோ?" என்று அவள் கேட்பாள். அவர் மூச்சை இழுப்பார். வெளியாள் யாராவது அந்த வீட்டில் நின்றால் இரண்டு பேருக்கும் நெஞ்சு வருத்தம் என்றுதான் நினைப்பான்.

அப்படி நினைத்தவன்தான் ஞானேஸ்வரன். அண்ணன் குடும்பம் லண்டனுக்கு மாறி வந்த புதிதில், அண்ணைக்கு மூச்சு முட்டுகிற வருத்தம் என்று முடிவு கட்டி, எங்கேயோ அலைந்து ஒரு லேகியம் வாங்கிக்கொண்டு வந்தான். "இது என்னத்துக்கடா?" என்று கேட்காமல் செல்வரத்தினம் அதை வாங்கி, பின்னேரத் தேநீரோடு கற்கண்டு மாதிரித் தின்று தீர்த்தார். இனிப்பு நல்லாயிருந்ததாம்.

சரி, ஹேர்னிங்குக்கு வருவோம். ஒரு வருஷம் அந்த முதியோர் இல்லத்தில் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். தகப்பன் சாகக் கிடக்கிறார். மூன்று பிள்ளைகள் வந்து கூடுகிறார்கள். பழைய மணிக்கூடு யாருக்கு, கார் யாருக்கு என்று தணிந்த குரலில் கதைக்கிறார்கள். அவ்வளவுதான் கதை. தகப்பனின் அறையிலிருந்து வெளியே வரும் பணிப்பெண்ணாக நடிக்க ஒருத்தி தேவைப்பட்டாள். கிர்ஸ்டன் என்ற அந்தப் பெண் இயக்குநர், மெத்தை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த தவநாயகியைச் சுட்டிக்காட்டி, "நீங்கள் வருவீர்களா?" என்றாள்.

தவநாயகி பள்ளிக்கூடத்தில் நாடகம் நடித்தவள். முதல் தடவை கமெரா ஓடியபோது நெஞ்சில் கை வைத்தாள், கண்ணை உருட்டினாள், சுவரில் சாய்ந்தாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தங்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள்.

கிர்ஸ்டன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "முகத்தால் எங்களுக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும். மிச்சத்தைக் கமெரா எடுத்துக்கொள்ளும்."

பிறகு கமெராக்காரன் கிட்ட வந்தான். அவன் குடித்த கோப்பி மணக்கிற அளவுக்குக் கிட்ட. விரிப்பை மடிக்கிற அவளுடைய விரல்களைப் பிடித்தான், காதைப் பிடித்தான், கழுத்து நரம்பைப் பிடித்தான். மூத்த மகளாக நடித்தவள் வாசலில் நின்று, "முடிந்துவிட்டதா?" என்றாள். அந்த இல்லத்தில் தன் கையால் கண் மூடிவிட்ட கிழவர்கள் எல்லாரும் தவநாயகிக்கு ஒருங்கே ஞாபகம் வந்தார்கள். விரிப்பின் மூலையைப் பிடித்தபடி, மூச்சை உள்ளே இழுத்து, "யா" என்றாள்.

அவ்வளவுதான் அவளுடைய நடிப்பு வாழ்க்கை.

ஹேர்னிங் தியேட்டரில் அந்த முகம் சுவர் அளவுக்கு வந்தபோது ஒருவரும் அசையவில்லை. முன்வரிசையில் ஒரு கிழவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். வெளியே வந்து சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது செல்வரத்தினம் பகிடி விட்டார். "முகத்தை இவ்வளவு பெரிசாக் காட்டியும் நீர் ஒண்டும் செய்யேல்லையேயப்பா. சம்பளம் சும்மா குடுத்திட்டாங்கள்." வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மட்டும் நிமிராமல் சொன்னார். "நான் செத்தாலும் நீர் இப்பிடித்தான் நிப்பீர் எண்டு விளங்கிச்சுது. பயமா இருக்கேல்லை. நிம்மதியா இருந்துது."

அவர் சொன்னபடிதான் அவள் நின்றாள். சனம்தான் நிம்மதியாக இருக்கவில்லை. "ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளோ பார்" என்று தகன மண்டபத்தின் கார் தரிப்பிடத்திலேயே தொடங்கிவிட்டார்கள். "டென்மார்க் குளிர் நெஞ்சுக்குள்ளையும் போயிட்டுது" என்றார் ஒருவர். நேரலை பார்த்த கனடாச் சொந்தம் தொலைபேசியில் சயந்தினியிடம், "அம்மாவுக்கு ஏதும் மருந்து குடுத்து வைச்சிருந்தனீங்களோ?" என்று விசாரித்தது. தவநாயகி இதையெல்லாம் விழுங்கிக்கொண்டு, வழமைபோல் பராமரிப்பு வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தாள்.

ஞானேஸ்வரன் ஒரு நாள் வந்து, "லண்டனிலை ஒரு பெண், புருஷன் சாகிறார், அவ்வளவுதான் கதை, நீங்கள்தான் நடிக்க வேணும்" என்றபோது அவள் மாட்டேன் என்றுதான் சொன்னாள். அவன் விடவில்லை. "நீங்கள் டென்மார்க்கிலை நடிச்ச மாதிரியே அண்ணி. ஒரு சத்தமும் வேண்டாம். அண்ணைக்குச் செய்யிற மரியாதையா நினையுங்கோ" என்றான். அண்ணை என்ற சொல்லில் அவள் இளகினாள். கமெரா பிடிக்க வந்த கீர்த்தனன் கலியாண வீடியோ எடுக்கிறவன். தூரத்தில் நின்று, உயரத்தில் நின்று, சுற்றிச் சுற்றி எடுக்கத்தான் அவனுக்குத் தெரியும். "கிட்ட வாரும் தம்பி, என்ரை மூச்சுப் படுற தூரத்துக்கு வாரும்" என்று கூப்பிட்டவள் தவநாயகிதான்.

படம் வருகிற சனிக்கிழமை சவுத்தாலில் ஒரு மண்டபத்தில் ஓடப்போகிறது. 'டென்மார்க் திரைப்பட நட்சத்திரம் தவநாயகி செல்வரத்தினம்' என்று கடைக் கண்ணாடிகளில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

இவ்வளவும் நெஞ்சில் கிடக்கத்தான் அவள் நண்டுக் கையோடு நின்றாள்.

"அதை எடும். சுவர்ணாவின்ரை அழுகை என்ரை முகத்திலை இருக்கக்கூடாது."

"ஏலாது அண்ணி. சனிக்கிழமை படம். எல்லாம் பூட்டியாச்சு."

"திறவும்."

"அண்ணி, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சவுத்தாலுக்கு வாற சனம் டென்மார்க் சனமில்லை. சத்தம் இல்லாட்டில் எல்லாரும் போனைத் திறந்திடுவினம். பின்னுக்கு ரோல்ஸ் விக்கிறவன்ரை குரல்தான் மண்டபம் முழுக்கக் கேக்கும். உங்கடை முகம் அவ்வளவு பெரிசா நிக்க, 'என்னண்ணை, சவுண்ட் போயிட்டுதோ?' எண்டு ஆராவது கத்தினால் நான் எங்கை போய் முகத்தை வைக்கிறது?"

"உம்மடை முகத்தை எங்கையும் வையும். என்ரை முகத்தைப் பற்றித்தான் கதைக்கிறன்."

சயந்தினிக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே போனது.

ஞானேஸ்வரனும் இப்போது எழும்பிவிட்டான். "சும்மா போடேல்லை அண்ணி. நீங்கள் வசனம் சொல்லேல்லை. அதாலைதான் போட்டனான்."

"என்ன வசனம் சொல்லேல்லை?"

"தங்கச்சியா நடிக்கிற ரமா வாசலிலை நிண்டு 'முடிஞ்சுதோ அக்கா?' எண்டு கேக்கிறா. நீங்கள் 'ஓம்' எண்டு சொல்ல வேணும். அந்த ஒரு சொல்லுத்தான் உங்களுக்கு. அதைச் சொல்லேல்லை. வெறும் மூச்சுத்தான் பதிஞ்சிருக்கு. மைக்கிலை பிழையாக்கும் எண்டு கீர்த்தனனை ஏசிப்போட்டன், பாவம். மைக் சரி. நீங்கள்தான் வாயைத் திறந்திட்டு ஒண்டும் சொல்லாமல் விட்டிட்டீங்கள். அண்ணையை நினைச்சுத் தொண்டை அடைச்சிட்டுதாக்கும் எண்டு திருப்பி எடுக்கச் சொல்லவும் மனம் வரேல்லை. அந்த இடம் ஓட்டையா இருந்தது. அடைச்சனான்."

தவநாயகி ரீவியில் உறைந்து நின்ற தன் வாயைப் பார்த்தாள்.

"முதல் எடுத்தது இருக்கோ?" குரல் இன்னும் இறங்கியிருந்தது.

"இருக்கு."

"போடும். உம்மடை வயலின் ஒண்டும் இல்லாமல்."

முணுமுணுத்துக்கொண்டே ஞானேஸ்வரன் லப்டொப்பில் தேடிப் போட்டான். ரீவியில் அதே முகம். பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல். துவாய் ஒன்றை மடிக்கிற விரல்கள். ரமாவின் குரல்: "முடிஞ்சுதோ அக்கா?" விரல்கள் நின்றன. வாய் கொஞ்சம் திறந்தது. காற்று உள்ளே போனது.

"பாருங்கோ," என்றான் ஞானேஸ்வரன். "எங்கை ஓம்?"

"சித்தப்பா," சயந்தினி தலையைப் பிடித்துக்கொண்டாள். "அதுதான் ஓம். அம்மா ஓம் எண்டுதான் சொல்லுறா. வீட்டிலை எப்பவும் அப்பிடித்தான். இந்த வீட்டிலை எத்தினை தரம் சாப்பிட்டிருக்கிறீங்கள், ஒருக்காக்கூடக் கேக்கேல்லையோ?"

"அது மூச்சுப் பிள்ளை."

"ஓம் எண்ட மூச்சு."

"ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்ல வேணும். விடுகதையே போடுறீங்கள்?" ஞானேஸ்வரனின் முகம் சிவந்தது. தன் பிழை வெளியே வரும்போது சத்தம் கூடுகிற சுபாவம் அவனுடையது. "நான் உங்களுக்கு நல்லதுதான் செய்தனான், அண்ணி. சனம் என்ன கதைச்சது எண்டு உங்களுக்குத் தெரியாது. நான்தான் கடையிலை நிண்டு கேட்டனான். புருஷன்ரை பெட்டிக்குப் பக்கத்திலை மரம் மாதிரி நிண்ட மனுசி எண்டு. இந்தப் படத்திலையாவது நீங்கள் அழுதால் அந்த வாயள் மூடும் எண்டு நினைச்சன். அண்ணை செத்த அண்டைக்கு வராத அழுகையை நான்தான் உங்களுக்கு வாங்கித் தந்தனான்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே கேட்டது. வாய் திறந்தபடி நின்றது.

சயந்தினி, "கெட் அவுட்" என்றாள், மிக மெல்ல.

"பொறும் பிள்ளை," என்றாள் தவநாயகி. "அவர் போகத்தான் போறார். கேட்டிட்டுப் போகட்டும்."

நண்டு நாற்றமெடுத்த கைகளைச் சட்டையில் படாமல் இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பகிடியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த அறையில் சிரிக்கிற ஆள் ஒருவரும் இல்லை.

"உம்மடை அண்ணை ஆஸ்பத்திரியிலை கடைசியாக் கதைச்சது என்னெண்டு தெரியுமோ? நீர் அண்டைக்குக் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து சேர முதல். இவளும் கீழை கார் பார்க்கிங் காசு கட்ட நிண்டவள். நான் மட்டும்தான் பக்கத்திலை. 'இஞ்சேருங்கோ, நான் இஞ்சைதான் நிக்கிறன், தெரியுதோ?' எண்டு கேட்டனான். அவர் மூச்சை உள்ளுக்கு இழுத்தவர்."

சயந்தினி முகத்தைத் திருப்பினாள். அவளுக்கும் இது புதிய செய்தி.

"அந்தத் தாதிப் பிள்ளை நல்ல பிள்ளை. அவருக்கு மூச்சு எடுக்க ஏலாமல் போகுது எண்டு நினைச்சு ஓடிவந்து முகமூடியை வைச்சிட்டா. பிறகு அதுக்குள்ளையிருந்து ஒண்டும் கேக்கேல்லை. அது மூச்சு முட்டினதில்லை எண்டு எனக்குத் தெரியும். அது ஓம். என்னைத் தெரியுது எண்டு சொன்ன ஓம். எனக்கு எண்டு மிஞ்சினது அந்த ஒண்டுதான், ஞானம். அதைத்தான் உம்மடை கமெராவுக்கு முன்னாலை எடுத்து வைச்சனான். சனத்துக்காக இல்லை. உமக்காகவும் இல்லை. நீர் அதை வெட்டி எறிஞ்சிட்டு, அவரின்ரை தங்கச்சியின்ரை அழுகையைக் களவெடுத்து அதுக்கு மேலை ஒட்டியிருக்கிறீர்."

ஞானேஸ்வரன் சோபாவில் இருந்துவிட்டான். அவனுடைய கை தானாகவே லப்டொப்புக்குப் போய், அந்தக் காட்சியைத் திரும்ப ஓட்டியது. முடிஞ்சுதோ அக்கா. காற்று உள்ளே போனது. இன்னொரு தரம் ஓட்டினான். காற்று உள்ளே போனது.

"அண்ணையும் இப்பிடித்தானே," என்றான். "கடைக்கு வந்தால், 'தேத்தண்ணி குடிப்பமோ அண்ணை' எண்டு கேட்டால் இப்பிடித்தான் இழுப்பார். நான் முட்டு எண்டெல்லோ..." லப்டொப்பிலிருந்து கையை எடுத்தான். "லேகியம் வாங்கிக் குடுத்தனான்."

"ஓம், குடுத்தனீர். அதையும் திண்டவர். உமக்கு மனம் நோகக்கூடாது எண்டு."

ஞானேஸ்வரன் அழுதான். சத்தம் போட்டு, தோள் குலுங்கக் குலுங்க, அவனுக்குத் தெரிந்தபடி அழுதான். வேறு நாளென்றால் தவநாயகி ஒரு துவாயாவது எடுத்துக் கொடுத்திருப்பாள். இன்று அசையவில்லை. அழுகிறவனைப் பார்த்ததும் கோபம் கரைந்துவிடுவது கதைகளில்தான். இவளுடைய கோபம் உப்புக் கல் அல்ல.

"அழுது முடிச்சிட்டு அதை எடும்," என்றாள்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எடுத்தான். சயந்தினி அவனுக்குப் பின்னால் வந்து நின்று பார்த்தாள். வயலினும் போனது. ஓலமும் போனது. முழுக் காட்சியையும் ஒரு தரம் ஓட்டிக் காட்டச் சொன்னாள் தவநாயகி. குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், துவாய், கேள்வி, மூச்சு. பிறகு யாரும் பேசாத அந்த நீளமான இடம். கீர்த்தனன் கமெராவை அசைக்காமல் பிடித்திருந்தான். கண்ணுக்குக் கீழே ஒரு தசை மட்டும் ஒரு தரம் துடித்தது.

"சனிக்கிழமை இப்பிடியே போடும். ஆராவது சவுண்ட் போயிட்டுதோ எண்டு கத்தினால் நான் அங்கைதான் இருப்பன். நான் மறுமொழி சொல்லுறன்."

"சரி அண்ணி."

"இண்டைக்கே சுவர்ணாவிட்டைப் போம். உங்கடை அழுகையைக் கேக்காமல் எடுத்தனான் எண்டு உம்மடை வாயாலை சொல்லும்."

"அக்கா என்னைக் கொண்டுபோடுவா."

"அது அவவின்ரை விருப்பம்."

ஞானேஸ்வரன் வயரைக் கழற்றிச் சுருட்டினான். லப்டொப்பைப் பைக்குள் வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு போனதில்லை. ஐஸ்கிறீம் பெட்டியொன்றில் கறி போட்டு, மூடிக்கு மேலே ஒரு பொலித்தீன் சுற்றிக் கொடுத்து அனுப்புவது தவநாயகியின் வழக்கம். அவனுடைய கண் ஒரு கணம் குசினிப் பக்கம் போய், வெட்கப்பட்டுத் திரும்பியது. நண்டு இன்னும் பச்சையாகத்தான் கிடந்தது. வெந்திருந்தாலும் இன்று கிடைத்திராது.

வாசலில் சப்பாத்து நாடாவைக் கட்ட அவனுக்கு வழமையைவிட நேரம் எடுத்தது. கதவைத் திறந்து படியில் இறங்கி நின்றான். தூரத்தில் ட்ராம் ஒன்று மணி அடித்துக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்தான்.

"அண்ணி, என்னிலை இன்னும் கோவமோ?"

தவநாயகி நண்டுக் கையின் முழங்கையால் கதவைப் பிடித்தபடி, அவனுடைய கண்ணை நேரே பார்த்து, மூச்சை உள்ளே இழுத்தாள்.

இந்தத் தடவை அவனுக்குக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தான். அவன் வேலிக் கதவைத் தாண்டும் வரை நின்று பார்த்துவிட்டு, அவள் முழங்கையாலேயே கதவைத் தள்ளிச் சாத்தினாள்.